லாந்தனம் பாஸ்பேட்டில் யூரோப்பியம்: 800 டிகிரியில் சுட்டதும் ஒளிர்வு ஏன் இவ்வளவு கூடுகிறது?

மணவை_மாணவன்:

எல்லோருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு மணவாளக்குறிச்சி. பிராஜெக்ட்டுக்காக லாந்தனம் பாஸ்பேட் நானோ துகளில் 5 மோல் சதவீதம் யூரோப்பியம் டோப் செய்திருக்கிறேன், அதாவது லாந்தனம் இருக்கும் இடத்தில் கொஞ்சம் யூரோப்பியத்தைக் கலந்திருக்கிறேன். செய்முறை ரொம்பச் சாதாரணம். லாந்தனம் நைட்ரேட் கரைசல், நைட்ரிக் அமிலத்தில் கரைத்த யூரோப்பியம் ஆக்சைடு, துகள் பெருத்துப் போகாமல் இருக்கக் கொஞ்சம் சிட்ரிக் அமிலம். அதில் அம்மோனியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வீழ்படிவை வடிகட்டிக் கழுவி, 100 டிகிரி ஓவனில் உலர்த்தினேன்.

அப்புறம் அதைப் பிரித்து 400, 600, 800, 1000 டிகிரி செல்சியஸில் தலா இரண்டு மணி நேரம் மஃபிள் ஃபர்னஸில் (மின் உலையில்) வைத்தேன். 394 நானோமீட்டர் ஒளியால் தூண்டி பிஎல் (ஒளிர்வு நிறமாலை) எடுத்தபோது, உலர்த்தியது மங்கல், 400 கொஞ்சம் பரவாயில்லை, 600-இல் நல்ல ஏற்றம், 800 எல்லாவற்றையும் விட உச்சம். 1000-இல் திரும்பக் கொஞ்சம் இறங்குகிறது. இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால் 800 சாம்பிளின் ஆரஞ்சு கலந்த சிவப்பு தனியாகத் தெரிகிறது.

அறிக்கையில் 'வெப்பநிலை கூடும்போது படிகத்தன்மை கூடுகிறது, அதனால் ஒளிர்வு கூடுகிறது' என்று எழுதினேன். கைடு சிவப்பு மையில் வட்டம் போட்டு 'எப்படி?' என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். தேடிப் பார்த்த பல கட்டுரைகளிலும் இதே ஒரு வரிதான் இருக்கிறது. உண்மையில் உள்ளே என்ன நடக்கிறது? 1000-இல் ஏன் இறங்குகிறது?

இன்னொரு கேள்வியும் உண்டு. எங்கள் ஊர் மணலில் உள்ள மோனசைட்டும் லாந்தனம், சீரியம் பாஸ்பேட்தானே. அதையே எடுத்துச் செய்ய முடியாதா?

குளச்சல்_ஆய்வு:

மக்கா, நான் டைட்டானியம் டை ஆக்சைடில் யூரோப்பியம் டோப் செய்கிறேன். எனக்கு உன் கதைக்கு நேர் எதிர். அனடேஸ், ரூட்டைல் இரண்டும் அதன் படிக வடிவங்கள். அனடேஸ் நிலையில் இருக்கும் வரை சிவப்பு நன்றாக வருகிறது. சூடு ஏறி ரூட்டைல் ஆகத் தொடங்கியதும் ஒளிர்வு விழுந்துவிடுகிறது. எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை) யூரோப்பியம் டைட்டனேட் என்ற வேறு சேர்மத்தின் பீக்குகள் தனியாக எட்டிப் பார்க்கின்றன. ஆனால் ரூட்டைலின் படிகத்தன்மை அனடேஸை விட அருமையாக இருக்கிறது! ஆக, படிகம் நன்றானால் ஒளிர்வும் கூடும் என்பதைப் பொது விதியாக எழுதினால் என் சாம்பிளே அதைப் பொய்யாக்கிவிடும். உன்னுடையது ஏன் அப்படி இல்லை என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

தக்கலை_பாஸ்பர்:

தம்பி, உங்கள் கைடு போட்ட வட்டம் மிகச் சரியானது. அந்த ஒரு வரி எத்தனையோ ஆய்வறிக்கைகளில் அப்படியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எனக்கு மனவருத்தமே உண்டு. பாஸ்பர் பொடிகளோடுதான் (தூண்டினால் ஒளிரும் பொடிகள்) என் வேலைக்காலம் முழுக்கப் போனது, இப்போது பாடம் நடத்துகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

100-இலிருந்து 1000 வரை நடப்பது ஒரே ஒரு மாற்றம் இல்லை. ஒவ்வொரு படியிலும் வேறு வேறு காரியம் நடக்கிறது. எதில் எது நடந்தது என்று பிரித்துச் சொல்வதுதான் 'எப்படி?' என்ற கேள்விக்குப் பதில்.

முதலில் தண்ணீர். அறை வெப்பநிலையில் வீழ்த்திய லாந்தனம் பாஸ்பேட் மோனசைட்டாக வருவதில்லை, ராப்டோபேன் என்ற நீரேறிய அமைப்பில் வரும். அதன் படிகத்தில் நீளவாக்கில் குழாய் மாதிரி இடைவெளிகள் உண்டு, தண்ணீர் அதற்குள் இருக்கிறது. துகளின் மேற்பரப்பிலும் ஹைட்ராக்சில் ஒட்டியிருக்கும். யூரோப்பியத்துக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். யூரோப்பியம் ஒளியை விடுவது 5டி0 என்ற ஆற்றல் நிலையிலிருந்து. அதற்கும் கீழேயுள்ள 7எஃப்6 நிலைக்கும் உள்ள ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ 12,000 அலை எண் (ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலை என்று ஆற்றலைச் சொல்லும் அலகு). ஹைட்ராக்சிலின் அதிர்வு 3,400-ஐ ஒட்டியது. மூன்று நான்கு அதிர்வுகளில் அந்த ஆற்றல் முழுவதையும் அது உறிஞ்சிக்கொள்ளும், ஒளியாக வரவேண்டியது சூடாகப் போய்விடும். பாஸ்பேட்டின் அதிர்வோ 1,000 முதல் 1,100 வரைதான். அதே இடைவெளியை நிரப்ப அதற்குப் பதினொன்றுக்குக் குறையாமல் தேவைப்படும். அப்படி நடக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே பாஸ்பேட் கூண்டு யூரோப்பியத்துக்கு நல்ல வீடு, கூடவே குடியிருக்கும் தண்ணீர்தான் கெடுதல். 400 டிகிரிக்குள் அந்த உள் தண்ணீர் பெரும்பாலும் வெளியேறிவிடும். டிஜிஏ (சூடேற்றும்போது எடை குறைவதை அளப்பது) எடுத்தீர்களா? ஒரு லாந்தனம் பாஸ்பேட்டுக்கு அரை மூலக்கூறு தண்ணீர் என்று வைத்தால் எடை இழப்பு 3.7 சதவீதம் வரவேண்டும். அதைவிடக் கூடுதலாக வந்தால் மேற்பரப்பு ஈரமும் சிட்ரேட்டும் சேர்ந்து போயிருக்கின்றன என்று பொருள்.

அப்படியானால் 400-இலேயே ஒளிர்வு நன்றாக ஏறியிருக்க வேண்டுமே? இங்கேதான் சிட்ரிக் அமிலம் வருகிறது. உங்கள் 400 சாம்பிள் என்ன நிறம் என்று நீங்கள் எழுதவில்லை. சாம்பலாகவோ இளம் பழுப்பாகவோ இருந்தால் அது எரிந்து முடியாத கரி. கரி தூண்டும் ஒளியையும் குடிக்கும், வெளிவரும் சிவப்பையும் குடிக்கும். தண்ணீர் போன லாபத்தைக் கரி தின்றுவிடுகிறது. 600-இல் பொடி வெள்ளையாகிவிட்டால், அந்த ஏற்றத்தில் ஒரு பங்கு கரி எரிந்ததால் மட்டும் வந்தது. அதைப் படிகத்தன்மையின் கணக்கில் எழுதக் கூடாது.

மூன்றாவது, அமைப்பே மாறுவது. ராப்டோபேன் 500 டிகிரிக்கு மேல் மெல்ல மெல்ல மோனசைட்டாகும். துகளின் அளவையும் சூடேற்றும் வேகத்தையும் பொறுத்து 800-க்குள் முடிந்துவிடும். திரும்பி வராத மாற்றம் இது. எக்ஸ்ஆர்டியில் பிரித்தறிவது சுலபம். ராப்டோபேனுக்கு 2தீட்டா (எக்ஸ் கதிர் திரும்பும் கோணம்) 14.4 டிகிரி அருகே ஒரு பீக் உண்டு, மோனசைட்டுக்கு அந்த இடத்தில் ஒன்றும் கிடையாது. மோனசைட்டின் வலுவான பீக் 28.6 அருகே வரும். 600 சாம்பிளில் இரண்டும் கலந்து தெரிந்தால், அதன் பிஎல் இரண்டு அமைப்புகளின் கூட்டு. அதை ஒரே பொருளின் ஒளிர்வாக எடுத்துப் பேச முடியாது.

மோனசைட்டில் ஒவ்வொரு லாந்தனத்தையும் சுற்றி ஒன்பது ஆக்சிஜன், சமச்சீர் எதுவும் இல்லாத இடம். யூரோப்பியம் அங்கே போய் உட்கார ஒரு தடையும் இல்லை. மின்னேற்றம் இரண்டுக்கும் மூன்று, அயனி ஆரம் லாந்தனத்துக்கு 1.216, யூரோப்பியத்துக்கு 1.120 ஆங்ஸ்ட்ராம். குளச்சல் தம்பியின் கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. டைட்டானியம் 0.605 ஆங்ஸ்ட்ராம், அதுவும் நான்கு மின்னேற்றம். 0.947 உள்ள யூரோப்பியத்துக்கு அங்கே உண்மையில் இடமே கிடையாது. துகளின் விளிம்பிலும் குறைகளிலும் ஒதுங்கித்தான் இருந்திருக்கும். படிகம் ஒழுங்காக ஒழுங்காக அதை வெளியே தள்ளுகிறது, தள்ளப்பட்டது தனி டைட்டனேட்டாகிறது. லாந்தனம் பாஸ்பேட்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. யூரோப்பியம் பாஸ்பேட்டும் தானாகவே மோனசைட் அமைப்புதான், இரண்டும் எந்த விகிதத்திலும் கலக்கும். ஓம்பும் பொருள் (இடம் கொடுக்கும் படிகம்) டோப்பண்டை (கலக்கும் பொருளை) ஏற்குமா என்று பார்க்காமல் சூட்டின் விளைவைப் பேசவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நான்காவது, துகள் வளர்ச்சி. மேற்பரப்பில் உள்ள யூரோப்பியத்துக்கு ஒரு பக்கம் பந்தம் முழுமையாக இருக்காது, ஈரமும் அதைத்தான் முதலில் தொடும். 10 நானோமீட்டர் உருண்டையில் வெளித்தோல் அரை நானோமீட்டர் என்று வைத்தால், மொத்தக் கொள்ளளவில் 27 சதவீதம் தோலிலேயே இருக்கிறது. அதே தோல் 33 நானோமீட்டர் துகளில் 9 சதவீதம்தான். 'படிகத்தன்மை கூடியது' என்று நீங்கள் எழுதியதில் கெட்டியான பொருள் உள்ள பகுதி இதுதான். அதை இப்படி எண்ணால் சொல்லுங்கள்.

நிறமாலையிலேயே சாட்சி உண்டு. 590 நானோமீட்டரை ஒட்டிய 7எஃப்1 கோடு (5டி0-இலிருந்து 7எஃப்1 நிலைக்கு இறங்கும்போது வரும் ஒளி) காந்த இருமுனை வகை, சுற்றுப்புறத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. 612-ஐ ஒட்டிய 7எஃப்2 கோடு சுற்றுப்புறம் கொஞ்சம் அசைந்தாலும் மாறும். இரண்டின் பரப்பு விகிதத்தை ஐந்து சாம்பிளுக்கும் எடுங்கள். பொடியை எவ்வளவு அழுத்தி வைத்தீர்கள், ஸ்லிட் எவ்வளவு திறந்தது என்பதெல்லாம் இந்த விகிதத்தைப் பாதிக்காது. மொத்த உயரம் மாறி விகிதம் மாறாமல் இருந்தால் அமைப்பு மாறவில்லை, ஒளியைத் தின்னும் ஏதோ ஒன்று குறைந்திருக்கிறது. விகிதமும் மாறினால் யூரோப்பியத்தின் அக்கம்பக்கமே மாறியிருக்கிறது. கோடுகளின் அகலத்தையும் பாருங்கள். ஒழுங்கற்ற இடங்கள் பலவாக இருந்தால் கோடு அகன்று மழுங்கும். மோனசைட் முழுமையானதும் 7எஃப்1 மூன்றாகப் பிரிந்து கூர்மையாகத் தெரியவேண்டும்.

1000-இன் இறக்கம் பற்றி எழுதும் முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஃபர்னஸிலிருந்து எடுத்தபோது பொடியாக இருந்ததா, கட்டியாக இருந்ததா? கட்டி என்றால் எப்படி உடைத்தீர்கள்?

மணவை_மாணவன்:

அக்கா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. 400 சாம்பிள் நீங்கள் சொன்னபடியே சாம்பல் நிறம். 600 வெள்ளை. 14.4 பீக் 400 வரை நன்றாக இருக்கிறது, 600-இல் சின்னதாக, 800-இல் இல்லை. அந்தச் சின்ன பீக்கை நான் கருவியின் இரைச்சல் (நாய்ஸ்) என்று நினைத்திருந்தேன்.

1000 சாம்பிள் கட்டியாகத்தான் இருந்தது. அகேட் உரலில் நன்றாக அரைத்தேன். மற்றவற்றை அவ்வளவு அரைக்கவில்லை. ஷெரர் கணக்கில் (பீக்கின் அகலத்திலிருந்து துகளின் அளவைக் காண்பது) 28.6 பீக்குக்கு 800-இல் அகலம் 0.25 டிகிரி, அளவு 33 நானோமீட்டர். 1000-இல் 0.12 டிகிரி, 68 நானோமீட்டர். இது சரிதானா?

எஃப்டிஐஆரில் (அகச்சிவப்பு நிறமாலையில்) 800 சாம்பிளிலும் 3,400 அருகே அகலமான பட்டை வருகிறது. தண்ணீர் போயிருக்க வேண்டுமே? சந்தேகமாக இருக்கிறது. எடுத்தது ஜூன் மாதம், விடாத மழை.

கோட்டாறு_வேதியியல்:

ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியன். இயற்பியல் பகுதியைத் தக்கலை அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். மணல் பற்றிய கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது நம் ஊர்க் கதை.

1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட்டைக் கண்டுகொண்டார். இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவருக்கு வழி காட்டியது. அன்றைக்கு உலகம் மோனசைட்டைத் தேடியது அதிலுள்ள தோரியத்துக்காக. எரிவாயு விளக்கின் மாண்டிலுக்கு (சூட்டில் ஒளிரும் வலைக்கூடு) தோரியம் ஆக்சைடு வேண்டும். ஆஸ்திரிய வேதியியலாளர் ஆவர் ஃபன் வெல்ஸ்பாக் 1891-இல் வெற்றி கண்ட கலவை 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. சீரியம் இல்லாவிட்டால் வெளிச்சம் சோகை, கூடினாலும் குறையும். பெட்ரோமாக்ஸ் மாண்டிலை முதல் தடவை பற்ற வைக்கும்போது துணி எரிந்து ஆக்சைடு கூடு மட்டும் நிற்குமே, அதுவும் வெப்பச் செயல்முறைதான் தம்பி. அந்த வெளிச்சம் சூட்டால் வருவது, உங்கள் யூரோப்பியம் ஒளிர்வது போன்றதல்ல. ஆனால் ஒரு சதவீத டோப்பண்ட் ஒரு பொருளின் ஒளியை எப்படி மாற்றும் என்பதற்கு நம் கடற்கரை அன்றே பங்களித்திருக்கிறது. இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு.

கடற்கரையிலிருந்து அள்ளிச் செய்யலாமா என்றால், கூடாது. மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கீழ் வரும் பொருள், உரிமம் இல்லாமல் கையாள முடியாது. தோரியத்தின் கதிரியக்கமும் இருக்கிறது. அறிவியல் காரணமும் உண்டு. இயற்கை மோனசைட்டில் பாதியளவு சீரியம், கூடவே நியோடிமியம், இரும்பு எல்லாம் இருக்கும், யூரோப்பியம் மிகச் சொற்பம். இரும்பு மில்லியனில் சில பங்கு இருந்தாலே ஒளிர்வைக் கெடுக்கும். பாஸ்பருக்கு 99.99 சதவீதத் தூய்மை கேட்பது அதனால்தான்.

சீரியம், டெர்பியம் இரண்டும் சேர்த்துச் செய்கிறவர்கள் இருந்தால் ஒரு குறிப்பு. குழல் விளக்கில் பச்சை தருவது அந்த லாந்தனம் பாஸ்பேட்தான், 543 நானோமீட்டரை ஒட்டி. சீரியம் ஒளியை வாங்கி டெர்பியத்துக்குக் கொடுக்கிறது. காற்றில் சுட்டால், முக்கியமாக நானோ துகளின் மேற்பரப்பில், மூன்று மின்னேற்ற சீரியம் நான்காக மாறும். மாறியது ஒளியை வாங்கிக் கொடுக்காது, விழுங்கிவிடும். ஹைட்ரஜன் கலந்த வாயு வசதி இல்லாத கூடங்களில் இரட்டைக் குரூசிபிள் முறை உண்டு. சின்னக் குரூசிபிளில் சாம்பிளை மூடி வைத்து, பெரிய குரூசிபிளுக்குள் இறக்கி, சுற்றிலும் கரித்தூள் நிரப்பி மூடிச் சுட வேண்டும். நம் மாவட்டத்தில் சிரட்டைக் கரிக்குப் பஞ்சமில்லை, அது நன்றாகவே வேலை செய்யும். கார்பன் மோனாக்சைடு வரும், அதனால் வெளியேற்றும் விசிறியுள்ள கூண்டில் மட்டும் செய்யுங்கள். யூரோப்பியம் சாம்பிளுக்கு இது வேண்டாம். அதைக் காற்றிலேயே சுடுங்கள், மூன்று மின்னேற்றம் மூன்றாகவே இருக்கட்டும்.

தக்கலை_பாஸ்பர்:

சார், சிரட்டைக் கரி பற்றிச் சொன்னது அருமை. என் மாணவர்களுக்கும் காட்டுகிறேன்.

தம்பி, ஷெரர் முதலில். கருவியின் அகலத்தைக் கழித்தீர்களா? சிலிக்கான் தரப்பொடியை வைத்து உங்கள் எக்ஸ்ஆர்டியின் சொந்த அகலத்தை எடுங்கள். உதாரணமாக அது 0.10 டிகிரி என்று வைப்போம். வர்க்கங்களைக் கழித்தால் 800 சாம்பிள் 33-இலிருந்து 36 ஆகும், பெரிய வித்தியாசமில்லை. 1000 சாம்பிளோ 68-இலிருந்து 120-ஐத் தாண்டிவிடும். 100 நானோமீட்டருக்கு மேல் ஷெரரை நம்பக் கூடாது. ஆகவே 1000-க்கு எண் போடாமல் '100 நானோமீட்டருக்கு மேல், எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) பார்க்க வேண்டும்' என்று எழுதுங்கள். பொய்யான துல்லியத்தை விட அதுதான் மரியாதை.

1000-இன் இறக்கத்துக்கு நான் முதலில் சந்தேகப்படுவது உரலைத்தான். யூரோப்பியம் ஒன்றுகூடிவிட்டது, செறிவு அணைப்பு (அயனிகள் நெருங்கி ஒளிர்வு அணைவது) என்று எழுதத் தோன்றும். ஆனால் 5 சதவீதம் அவ்வளவு கூடுதல் இல்லை, இரண்டு பாஸ்பேட்டும் முழுமையாகக் கலக்கும் என்றும் பார்த்தோம். கெட்டியாகச் சிண்டர் ஆன (சூட்டில் துகள்கள் ஒட்டிப்போன) கட்டியைப் பலமாக அரைக்கும்போது படிகத்தின் மேற்பரப்பில் புதுக் குறைகள் உண்டாகும். சூட்டில் நீங்கள் ஆற்றிய காயத்தை உரல் திரும்பப் போடுகிறது. பாஸ்பர் தொழிலில் சுட்ட பொடியை அரைக்க அவ்வளவு தயங்குவது இதனால்தான். சோதிப்பது எளிது. 800 சாம்பிளில் ஒரு சிட்டிகை எடுத்து அதே அளவு அரைத்து பிஎல் எடுங்கள். அதுவும் இறங்கினால் காரணம் உரல். அப்புறம் அரைத்த 1000 சாம்பிளை 600 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துத் திரும்ப அளந்தால், குறைகள் ஓரளவு ஆறி ஒளிர்வு மீள வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால்தான் வேறு காரணம் தேட வேண்டும். பொடியின் எடையும் அழுத்தமும் எல்லாச் சாம்பிளுக்கும் ஒன்றாக இருந்ததா என்பதையும் மறக்க வேண்டாம். கட்டிகள் பெரிதானால் ஒளி சிதறும் விதமே மாறும்.

800-இல் தெரிந்த 3,400 பட்டை பெரும்பாலும் மழையின் வேலை. நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை, இடையில் கடற்காற்று. எஃப்டிஐஆர் வில்லைக்குச் சாம்பிளோடு கலக்கும் பொட்டாசியம் புரோமைடு ஈரத்தை இழுக்கும், நானோ பொடியின் மேற்பரப்பும் இழுக்கும். புரோமைடை 120 டிகிரியில் உலர்த்தி, அதே நாளில் வெறும் புரோமைடு வில்லை ஒன்றையும் எடுத்துக் கழியுங்கள். சாம்பிளை ஃபர்னஸ் ஆறி அறை வெப்பநிலைக்கு வரும் வரை உள்ளேயே விடாதீர்கள். 150 டிகிரி இருக்கும்போதே இடுக்கியால் எடுத்து, நீல சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் வையுங்கள். அதன் பிறகும் பட்டை அப்படியே இருந்தால் பேசுவோம்.

இன்னொன்று, வாய்மொழித் தேர்வில் கட்டாயம் கேட்பார்கள். சுட்டால் ஒளிர்வு கூடுகிறது என்கிறீர்கள், சூடான பாஸ்பரின் ஒளிர்வு குறையும் என்றும் பாடத்தில் இருக்கிறதே என்று. இரண்டும் வேறு. நீங்கள் சுட்டு, ஆறவைத்து, அறை வெப்பநிலையில் அளக்கிறீர்கள். அது அமைப்பில் நிலைத்துப்போன மாற்றம். சூடாக இருக்கும்போதே அளந்தால் படிகத்தின் அதிர்வு கூடி ஒளிர்வு குறையும், ஆறினால் திரும்ப வரும். அளந்த வெப்பநிலையை அறிக்கையில் தெளிவாக எழுதிவிடுங்கள். சூடேற்றிய வேகமும் வேண்டும், நிமிடத்துக்கு எத்தனை டிகிரி என்று. அது இல்லாமல் இன்னொருவர் உங்கள் 600 சாம்பிளைத் திரும்பச் செய்ய முடியாது.

நேரம் இருந்தால் 500, 700 இரண்டையும் சேர்த்துச் சுடுங்கள். 500-இல் 14.4 பீக் அப்படியே இருந்து பொடி மட்டும் வெள்ளையாகியிருந்தால், கரியின் பங்கையும் அமைப்பு மாற்றத்தின் பங்கையும் தனித்தனியாகக் காட்டிவிடலாம்.

மணவை_மாணவன்:

500, 700-க்குத் திங்கட்கிழமை ஃபர்னஸ் கிடைக்கும் அக்கா. நிமிடத்துக்கு 5 டிகிரி வைக்கிறேன். உரல் சோதனையை நாளைக்கே செய்துவிடுகிறேன். எக்ஸ்ஆர்டி, பிஎல் இரண்டும் வந்ததும் விகிதங்களோடு இங்கேயே போடுகிறேன்.

குளச்சல்_ஆய்வு:

நானும் என் அனடேஸ் சாம்பிள்களுக்கு 7எஃப்2, 7எஃப்1 விகிதம் எடுத்துப் போடுகிறேன். ரூட்டைல் ஆகும் முன்பே விகிதம் அசையத் தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.